தவிலும் ஜாஸும்: ‘மெட்ராஸ் ஸ்பெஷல்’ கேட்ட கதை

‘மெட்ராஸ் ஸ்பெஷல்’ என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஓட்டல் பலகையில் சாக்பீஸால் எழுதிய சாம்பார் வடையா? தீபாவளி நேரத்தில் விடும் கூடுதல் பஸ்ஸா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இது ஒரு ஜாஸ் இசைக்குழுவின் பெயர். குழுவின் தலைவர் ரமேஷ் ஷோத்தம். 1948-ல் மெட்ராஸில் பிறந்தவர். பல வருடங்களாக ஜெர்மனியின் கொலோன் நகரில் வாழ்பவர். டிரம்ஸ் வாசிப்பவர். அதோடு தவில், கடம், கஞ்சிரா, முகர்சிங் என்று நம்முடைய கருவிகளையும் வாசிப்பவர்.

தவில் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடம் வெளிநாடு போனது நமக்குத் தெரியும். விக்கு விநாயக்ராம் 1970-களிலேயே ஜான் மெக்லாஃப்லினின் ‘ஷக்தி’ குழுவில் கடம் வாசித்தவர். அவர் மகன் செல்வகணேஷ் இருந்த அதே ‘ஷக்தி’ குழுவுக்கு 2024-ல் கிராமி விருது கிடைத்ததையும் பேப்பரில் படித்தோம். ஆனால் தவில்? கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் ஊரைக் கூட்டும் அந்தப் பெரிய கருவி, சாக்ஸஃபோனுக்குப் பக்கத்தில் எப்படி உட்காரும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்க ஆரம்பித்தேன்.

இது என் கைக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேட்டுப்பாளையத்தில் (ஊட்டி ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் இல்லை, புதுச்சேரியில் தொழிற்பேட்டையும் லாரி நிறுத்தமும் இருக்கிற மேட்டுப்பாளையம்) எனக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நாம் அப்படித்தானே அழைப்போம். போன வருடம் மகளோடு இருக்கப் பிரான்சுக்கே போய்விட்டார். வீட்டைக் காலி செய்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடிகளை எனக்குக் கொடுத்தார். “நீங்க பாட்டு கேக்குற ஆளு, மிசியே. தூக்கிப் போட மனசு வரல” என்றார்.

பழைய கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் கையில் வந்தது ‘புளூ கேமல்’, அதாவது நீல ஒட்டகம். 1992-ல் வெளிவந்தது. ரபி அபு கலீல் என்ற லெபனான்காரரின் இசைத்தட்டு. அவர் பெய்ரூட்டில் பிறந்து, உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் 1978-ல் ஜெர்மனிக்குப் போனவர். ஊது என்ற அரேபிய நரம்புக் கருவியை வாசிப்பவர். சிடி அட்டையில் கலைஞர்கள் பெயர்ப் பட்டியல் இருந்தது. சாக்ஸஃபோனுக்கு சார்லி மரியானோ, கொம்பு வாத்தியத்துக்குக் கனடாவில் பிறந்த கென்னி வீலர், பேஸ் கித்தாருக்கு ஸ்டீவ் ஸ்வாலோ, காங்கோ மேளத்துக்கு மில்டன் கார்டோனா, அரேபியக் கஞ்சிராக்களுக்கு நபில் கயாத். அவர்களோடு ரமேஷ் ஷோத்தம். எத்தனையோ தேசத்துப் பெயர்களுக்கு நடுவே ஒரு ரமேஷ்! பேரனிடம் சொல்லி போனில் தேடச் சொன்னேன். அப்போதுதான் ‘மெட்ராஸ் ஸ்பெஷல்’ கிடைத்தது.

கேட்டதைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் 33 வருடம் வேலை பார்த்தேன். தகட்டை அடித்து வடிவம் எடுக்கும் இயந்திரங்கள். நாள் முழுக்க டம், டம், டம். 85 டெசிபலுக்கு மேல் நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்டால் காது கெடும் என்பார்கள். எங்கள் ஷாப்பில் அது சாதாரணம். இப்படிக் கெடும் காதில் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் சத்தம். பேச்சில் ‘ச’, ‘த’, ‘ப’ எல்லாம் மங்கிவிடும். வயலினின் மேல் ஸ்தாயி தூரத்துக் கொசு மாதிரி ஆகிவிடும். காது மெஷின் வைத்திருக்கிறேன். அது பேச்சுக்காகச் செய்தது. பாட்டுக்குப் போட்டால் எல்லாச் சத்தத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிடும். ஆகவே பாட்டுக் கேட்கும்போது கழற்றி வைத்துவிடுவேன்.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. தாளம். பிரஸ் ஷாப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எந்த இயந்திரம் சரியாக ஓடுகிறது, எதில் பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவேன். அடியும் அடிக்கு நடுவில் உள்ள இடைவெளியும் அப்படிப் பழகிவிட்டன. அடி ஸ்தாயி மேளச் சத்தம் இன்றைக்கும் எனக்குச் சுத்தமாகக் கேட்கிறது. என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே நிலைதான் இருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பாட்டே இனி கேட்க முடியாது என்று ரேடியோவை மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜாஸ் என்றால் நம் தலைமுறைக்குப் பழைய படத்துக் கிளப் டான்ஸ்தான் நினைவு. அதைத் தாண்டி அதன் அமைப்பைப் பார்த்தால் நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம் உருவான இசை. ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் மேல் தம் மனோதர்மப்படி வாசிப்பார்கள். கடைசியில் எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை எடுத்து நிரவல், ஸ்வரம் எல்லாம் பாடிவிட்டு மறுபடி பல்லவிக்கு வரும் கச்சேரியைக் கேட்டவர்களுக்கு இது புரியாமல் போகாது.

டிரம்ஸ் செட்டும் அங்கே பிறந்ததுதான். முன்பெல்லாம் பெரிய டிரம்முக்கு ஒரு ஆள், சின்ன டிரம்முக்கு ஒரு ஆள், ஜால்ராவுக்கு ஒரு ஆள் என்று நின்று வாசிப்பார்கள். 1909-ல் லுட்விக் என்பவர் காலால் மிதித்துப் பெரிய டிரம்மை அடிக்கும் பெடலைச் செய்து விற்க ஆரம்பித்தார். அதன்பின் ஒரே ஆள் உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் வாசிப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் அந்த ஆளின் கால் அடிமைப்பட்டுப் போனது. பாட்டு முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் ஆட, அவர் தாளம் காக்கும் வேலையாள்.

1940-களில் கென்னி கிளார்க் என்ற டிரம்மர் இதை மாற்றினார். தாளம் காக்கும் வேலையைக் காலிலிருந்து எடுத்து, வலது கையால் தட்டும் பெரிய ஜால்ராவுக்குக் கொடுத்தார். கால் விடுதலை ஆனது. பெரிய டிரம் நினைத்த இடத்தில் ஒரு வார்த்தை பேசலாம், பேசாமலும் இருக்கலாம். நவீன ஜாஸ் என்று சொல்வதன் தாளம் அங்கே தொடங்குகிறது. அவர் 1956-ல் பாரிசுக்குக் குடிபோய் 1985-ல் காலமாகும்வரை பிரான்சில்தான் வாழ்ந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பெரிய மேளம்தான் கண்ணில் தெரிந்தது. நாதஸ்வர செட்டில் யார் யார் இருப்பார்கள்? நாதஸ்வரக்காரர், தவில்காரர், ஒத்து ஊதுபவர், கையில் சின்னத் தாளத்தோடு ஒரு பையன். தாளத்தைக் காப்பது அந்தப் பையன். அதனால்தான் தவில்காரர் சுதந்திரமாகப் பேசுகிறார். கென்னி கிளார்க் 1940-களில் ஜால்ராவுக்குக் கொடுத்த வேலையை, நம் ஊரில் அந்தத் தாளப் பையன் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தான். ஆகவே தவில் தெரிந்த ஒருவர் நவீன ஜாஸில் போய் உட்கார்ந்தால் அது ஒட்டவைத்த சமாச்சாரமாக இருக்காது. இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் தேடியவை: தாளத்தை யாரோ ஒருவர் காக்கும்போது, மேளக்காரன் என்ன பேசலாம்?

‘மெட்ராஸ் ஸ்பெஷல்’ கேட்டபோது எனக்குப் பிடித்தது இதுதான். தலைவர் டிரம்மர் என்றால் முழுக்க டமால் டமால் என்று இருக்கும் என எதிர்பார்ப்போம். இவர் அப்படி முன்னால் வந்து நிற்கவில்லை. மற்றவர் வாசிக்கும்போது கீழே இருந்து தாங்குகிறார். ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு மாறும்போது அறையின் வெளிச்சம் மாறின மாதிரி இருக்கிறது. ஐரோப்பியக் கருவிகள் அவற்றின் மொழியிலேயே பேசுகின்றன. நம்முடையவை நம் சொற்கட்டிலேயே பேசுகின்றன. யாரும் யாருக்காகவும் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

எனக்குத் தாளம் கேட்கும், இலக்கணம் தெரியாது. அது தெரிந்த ஒருவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். வயது 78. வில்லியனூர்ப் பக்கம் கோயில்களிலும், பாகூர் முதல் கடலூர் வரை கல்யாணங்களிலும் 50 வருடம் தவில் வாசித்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்கும் காது மந்தம். தவில்காரருக்குத் தவிலே காதைக் கெடுக்கும். மெஷின் வைத்துக்கொள்ள மாட்டார். மகன் டாடா ஏஸ் ஓட்டுகிறார். தவில் பரணில் இருக்கிறது.

அவர் வாசிப்பை நிறுத்தியதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. இப்போது கல்யாண ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் வருகிறது. வரவேற்புக்கு டிஜே. நாதஸ்வரம் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும். சில இடங்களில் அதுவும் பென் டிரைவில். கடைசியாக வாசித்த கல்யாணத்தில், மல்லாரி முடிவதற்குள் ஒரு பையன் வந்து, “பெரியவரே, சவுண்டு செக் பண்ணணும், நிறுத்துங்க” என்றானாம். அதை விடப் பழைய காயமும் உண்டு. அந்தக் காலத்தில் ‘மேளக்காரன்’ என்று ஒருமையில் கூப்பிட்டதும், கடைசிப் பந்தியில் உட்காரவைத்ததும். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் பாலையா தவிலோடு வந்ததைக் கொண்டாடிய அதே ஜனங்கள்தான். “இது என்னோட போவட்டும் தம்பி” என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், அவருடைய பேரனுக்கு டிரம்ஸ் பைத்தியம். எட்டாவது படிக்கிறான். சாப்பாட்டுத் தட்டு, ஸ்கூல் பெஞ்சு, அப்பாவின் வண்டியின் பின்கதவு, எது கிடைத்தாலும் தட்டுகிறான். டிரம்ஸ் வகுப்புக்குப் போக வேண்டும் என்கிறான். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. தவில் சோறு போடவில்லை, டிரம்ஸ் என்ன போடப்போகிறது என்பது ஒரு காரணம். தன் கையில் இருப்பதைக் கேட்காமல் வேறொன்றைத் தேடிப் போகிறானே என்பது அவர் சொல்லாத காரணம். வீட்டில் இதனால் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்வது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பேரனும் கூட வந்தான். எங்கள் வீட்டு ஸ்பீக்கர் பெரியது என்பதற்காக. அண்ணன் சேரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன் மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். காதில் விழாததைக் கையில் வாங்கிக்கொள்ளும் வழி. பிரஸ் ஷாப்பில் நாங்கள் இயந்திரத்தின் மேல் கை வைத்துப் பார்ப்போமே, அதே மாதிரி.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மற்றக் கை விரல்கள் மடங்க ஆரம்பித்தன. எண்ணுகிறார். எடுப்பு வந்த இடத்தில் தொடையில் ஒரு தட்டு.

“யாரு தம்பி இது? நம்ம பக்கமா?”

“மெட்ராஸ்காரர் அண்ணே. ஜெர்மனியில இருக்காரு.”

“பாடம் பண்ணிருக்காரு. கையில சொல்லு இருக்கு. ஆனா பாரு, அந்த வெள்ளக்காரன் ஊதும்போது இவரு கார்வை விடறாரு. நாம அந்த எடத்துல நாலு சொல்லு போட்டிருப்போம்.”

கார்வை என்றால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வேண்டும் என்றே விடும் வெற்றிடம். அதுவும் கணக்கில் சேர்ந்தது. அண்ணன் விளக்கினார்: கல்யாணத்தில் கெட்டி மேளம் எதற்கு? அந்த நேரத்தில் தும்மலோ, அழுகையோ, ஆகாத வார்த்தையோ காதில் விழக் கூடாது என்பதற்கு. மற்றச் சத்தத்தை மூடுவதுதான் அங்கே தவிலின் வேலை. தனி ஆவர்த்தனம் வேறு. அங்கே கார்வை போட்டால்தான் வித்வான். “பந்தல்ல வாசிச்சு வாசிச்சு எங்களுக்குக் கார்வையே மறந்து போச்சு. கேக்கறதுக்கு ஆளு இருந்தாத்தான கார்வை போட முடியும்?” என்றார். இந்த ஒரு வாக்கியம் எனக்குப் பல நாள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தவிலின் சத்தம் எப்படி அடங்கியது என்றும் பேசினோம். பலா மரத்தில் குடைந்த உடல். வலந்தலையில், அரிசி மாவுப் பசையும் துணியும் சுற்றிச் செய்த கூடுகளை விரலில் மாட்டிக்கொண்டு அடிப்பது. தொப்பியில் பூவரசங்குச்சி. எல்லாமே நாலு வீதிக்குக் கேட்கவேண்டும் என்று செய்தது. ஒலிப்பதிவு அறையில் மைக் இருக்கிறது. உரக்கப் பேச வேண்டிய அவசியம் இல்லை. அடி மெதுவாக விழும்போது, பந்தலில் காதில் விழாத அதன் உள் சத்தம் எல்லாம் வெளியே வருகிறது.

பிறகு நான் சார்லி மரியானோவின் கதையைச் சொன்னேன். 1923-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த சாக்ஸஃபோன் மேதை. சார்லஸ் மிங்கஸ் போன்ற பெரிய ஜாஸ் கலைஞரோடு 1963-ல் வாசித்தவர். 1960-களின் பிற்பகுதியில் மலேசியாவில் இருந்தபோது அங்குள்ள நம்மவர்கள் வாசித்த நாதஸ்வரத்தைக் கேட்டார். அது அவரை விடவில்லை. பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து, தங்கி, நாதஸ்வரம் கற்றுக்கொண்டார். ஜாஸ் இசைத்தட்டுகளில் அதை வாசித்தும் இருக்கிறார். பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி 1964-ல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற தாளவாத்தியப் பள்ளியின் கலைஞர்களோடு சேர்ந்து, 1983-ல் ‘ஜோதி’ என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார். அதில் பாடியவர் ஆர்.ஏ. ரமாமணி. மிருதங்கம் டி.ஏ.எஸ். மணி. மரியானோ கடைசிக் காலத்தில் கொலோனில்தான் வாழ்ந்தார். 2009-ல் தம் 85-வது வயதில் அங்கேயே காலமானார்.

“சீவாளி வச்சு ஊதினாரா? அந்த வயசுலயா?” என்று அண்ணன் கேட்டார். நாதஸ்வரம் பிடிக்கச் சின்ன வயதிலேயே மூச்சுப் பழக வேண்டும் என்பது அவர்கள் வழி. நாற்பதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர், தன் தொழிலில் பெயர் எடுத்த பிறகு, முதல் பாடத்திலிருந்து தொடங்கியது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதன்பின் ரமேஷ் ஷோத்தமின் கதை. இவர் தவிலில் தொடங்கியவர் இல்லை. டிரம்ஸில் தொடங்கியவர். தானாகவே கற்றுக்கொண்டவர். 1970-களின் முதல் பாதியில் ‘ஹியூமன் பாண்டேஜ்’ என்று ஒரு ராக் குழு ஊர் ஊராக வாசித்துப் பெயர் வாங்கியது. அதில் இவர் டிரம்ஸ், தம்பி சுரேஷ் கித்தார். நீள முடியும் பெல்பாட்டமுமாக நாம் பார்த்து முகம் சுளித்த அந்தக் காலத்துப் பையன்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு முடிந்த பிறகுதான் பெங்களூரில் மேலே சொன்ன அதே பள்ளிக்குப் போய், தவிலும் மற்றத் தாளவாத்தியங்களும் கற்றார். 1980 வாக்கில் ஜெர்மனிக்குப் போனார்.

அண்ணன் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தார்.

“என்ன சொன்ன? டிரம்ஸ் வாசிச்ச பையன் தவில் கத்துக்கப் போனானா?”

“ஆமாண்ணே.”

“யாரும் அனுப்பாம?”

“அவராத்தான்.”

பேரன் தரையில் உட்கார்ந்து தன் முழங்காலில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். “டேய், அங்க தப்பு. அது அஞ்சு. தகதகிட. நீ நாலா போடுற” என்றார். பையன் திருத்திப் போட்டான். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எனக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டார்கள். தகிட, தகதிமி, தகதகிட, தகிடதகதிமி. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு. பையனுக்கு எண் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. தாத்தா திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்.

சிலர் கேட்கலாம்: வெளிநாட்டில் மதித்தால்தான் நம் பொருளை நாம் மதிப்போமா என்று. நியாயமான கேள்வி. ஆனால் அன்றைக்கு நடந்தது அது இல்லை என்று நினைக்கிறேன். ஜெர்மனிக்காரன் கைதட்டியது அண்ணனுக்கு முக்கியமாகப் படவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரம்ஸ் பக்கம் போன பையன் தவிலுக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்பதுதான் அவரைத் தொட்டது. இரண்டும் எதிரெதிர் வீடு இல்லை, ஒரே தெரு என்று ஒருவர் வாசித்தே காட்டியிருக்கிறார். தவில் நின்றுபோவதற்கும் நிற்காமல் இருப்பதற்கும் நடுவில், ஒரு பதின்மூன்று வயதுப் பையனும் 78 வயதுப் பெரியவரும் பேசிக்கொள்வது, பேசாமல் இருப்பது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹரித்துவாரமங்கலம் பழனிவேல், வலையப்பட்டி சுப்பிரமணியம் போன்ற மேதைகள் பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார்கள். மேடையில் தவிலுக்கு மரியாதை குறையவில்லை. குறைந்தது தெருவில். நாம் எல்லோரும் கல்யாணம் செய்து வைத்தவர்கள்தான். மண்டபம், சாப்பாடு, போட்டோ எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கில் பேரம் பேசுகிறோம். மேளத்துக்கு உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்கிறோமா? அண்ணன் சொன்ன மாதிரி, கேட்க ஆள் இருந்தால்தான் கார்வை.

காது மங்கிய என் வயதுக்காரர்களுக்கு ஒரு யோசனை. இந்த வகை இசையைக் கேட்க வேண்டும் என்றால் ‘புளூ கேமல்’ இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். காங்கோ, அரேபியக் கஞ்சிரா, நம் ஊர் மேளம் மூன்றும் தனித்தனியாகக் கையில் கிடைக்கும். பிறகு ‘ஜோதி’. அதில் ரமாமணியின் குரல் வழிகாட்டும். அதன்பின் ‘மெட்ராஸ் ஸ்பெஷல்’. பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் போனில் எடுத்துக் கொடுப்பார்கள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். மேளத்தின் அடிச் சத்தம் அதில் வராது. மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்று வீட்டில் இருந்தால் தூசு தட்டி எடுங்கள். மெஷினைக் கழற்றிவிட்டு, அதன் மேல் கையை வைத்துக் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். தவில் பரணில் இருந்து இறங்கி, வேட்டியால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே இருந்தது. இப்போதைய தவில்களுக்குத் தோல்வார் இல்லை. இரும்பு வளையமும் போல்ட் நட்டும்தான். மூன்று நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. என்னிடம் பழைய ஸ்பேனர் செட் இருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, இரண்டைக் கழற்றிவிட்டேன். மூன்றாவது இன்னும் வரவில்லை.

பையனுக்கு என்ன முடிவு என்று கேட்டேன். “மொதல்ல ஒரு வருஷம் வாயில சொல்லட்டும். அப்புறம் தவிலோ டிரம்ஸோ, எதுல வேணா அடிச்சிக்கட்டும்” என்றார். ஆடி போகட்டும், ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம் என்றும் சொன்னார்.